பரணில் ஒரு மிக்ஸி

ஜூன் 2, ஞாயிறு

இந்த டைரி ஜனவரியில் ஆபீஸில் கொடுத்தது. ஐந்து மாதமாக மளிகைப் பட்டியல் கிழிக்கத்தான் பயன்பட்டது. இன்று முதல் இதற்கு வேறு வேலை. காரணம், என் அக்கா வெண்ணிலா எங்களுக்கு ஒரு ஸ்ட்ரோலர் அனுப்பப்போவதாக மிரட்டியிருக்கிறாள்.

சாதாரண ஸ்ட்ரோலர் என்றால்கூடப் பொறுத்துப் பார்க்கலாம். இது இரட்டைக் குழந்தைகளுக்கானது. அவளுக்கு இரட்டையர், மூன்று வயது முடிந்து ஓட ஆரம்பித்துவிட்டார்கள். எங்களுக்கு ஆகஸ்டில் பிறக்கப்போவது ஒன்றே ஒன்று என்று எல்லா ஸ்கேனிலும் சொல்லியாயிற்று. “டேய் அறவாழி, ஒரு பக்கம் பிள்ளையை வை, இன்னொரு பக்கம் காய்கறி வாங்கிட்டு வா” என்கிறாள். நாங்கள் இருப்பது திருச்சி கே.கே. நகரில் இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது, ஒரே ஒரு படுக்கையறை. அந்த வண்டி உள்ளே வந்தால் நான் வெளியே போக வேண்டும்.

நான் விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு இருநூறு பெட்டிகளைத் தராசில் ஏற்றி, நாற்பது பேரிடமாவது “எடுங்க சார், எடை கூட” என்று சொல்கிறேன். எடுக்கச் சொன்னதும் அழுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், ஆண்டவன்மீது ஆணையிடுகிறார்கள். கடைசியில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, தேவையில்லாததை எடுத்து, வழியனுப்ப வந்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். யாரும் செத்துப்போனதில்லை. போன வாரம் கோலாலம்பூர் போன ஒரு குடும்பம், எட்டு மாதக் குழந்தைக்காக மட்டும் நான்கு பெட்டி கொண்டுவந்தது. குழந்தை என்னவோ அப்பாவின் தோள்துண்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே எங்கள் குழந்தைக்கு விதி எழுதிவிட்டேன். ஒன்று, அதன் மொத்த சாமான் ஏழு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கடல் தாண்டிப் போகிறவனுக்கே கைப்பை ஏழு கிலோதான். படுத்தே கிடக்கப்போகிற ஆளுக்கு அது தாராளம். இரண்டு, பிறக்கும்வரை ஒரு துரும்புகூட வீட்டுக்குள் வரக் கூடாது. இது இடநெருக்கடி காரணமாக மட்டுமே.

ஆபீஸிலிருந்து ஒரு பழைய கொக்கித் தராசு கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். பரணில் ஒரே ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. அதில் பழைய மிக்ஸி. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

ஜூன் 5, புதன்

அக்கா போனில் பட்டியல் வாசித்தாள். வாக்கர், குளியல் நாற்காலி, பாட்டில் ஸ்டெரிலைசர், ஈரத்தாளைச் சூடாக்கும் பெட்டி. கடைசியாகச் சொன்னதை இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். குழந்தையைத் துடைக்கிற ஈரத்தாள் ஜில்லென்று இருக்கக் கூடாதாம், அதைச் சூடாக்க மின்சாரப் பெட்டியாம். திருச்சியில் மத்தியானம் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் டீத்தூள் போடலாம்.

சுகந்தியிடம் சொன்னேன். சுகந்தி என் மனைவி, பள்ளியில் கணக்கு டீச்சர், இப்போது விடுப்பு. “உங்க அக்கா ஆசையாத்தானே தர்றாங்க” என்றாள்.

“ஆசைக்கும் எடை இருக்கு” என்றேன்.

“இதை டைரியில எழுதிக்குங்க” என்றாள். எழுதிவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

அத்தை புதுக்கோட்டையிலிருந்து வந்துவிட்டார். முதல் பிரசவம் தாய்வீட்டில் நடப்பதுதான் வழக்கம் என்றாலும், டாக்டர் இங்கே இருப்பதால் தாய் இங்கே வந்துவிட்டார். பெயர் கமலவேணி. ஒரு பை, ஒரு வெற்றிலைப் பெட்டி. அளந்து பார்த்தேன், ஐந்தே முக்கால் கிலோ. பயணிகள் எல்லாரும் அத்தையைப் போல இருந்தால் எனக்கு வேலையே இருக்காது.

என் விதிகளைச் சொன்னேன். எதிர்ப்பார் என்று நினைத்தேன். “ரொம்ப சரி மாப்பிள்ளை. பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு ஊக்குகூட வாங்கக் கூடாது, கண்ணு பட்டுடும்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா மேடை மேடையாகப் பகுத்தறிவு பேசியவர். நல்ல நேரம் பார்க்காமல் ராகுகாலத்தில் கல்யாணம் செய்துகொண்டவன் நான். “அத்தை, நீங்க சொல்றது மூடநம்பிக்கை. நான் சொல்றது இடப் பற்றாக்குறை. ரெண்டும் வேற” என்றேன்.

“ஆமாமா, வேற வேற” என்றார் அத்தை.

சுகந்தி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஜூன் 14, வெள்ளி

பக்கத்துக் கவுண்டர் ஜெரால்டு ஒரு பரிசு கொடுத்தான். பொத்தானை அமுக்கினால் மழைச் சத்தம் கேட்கும் பொம்மைக் கரடி. குழந்தை அதைக் கேட்டுத் தூங்குமாம். வேண்டாம் என்றால் அவன் முகம் வாடிவிடும். வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. ஆபீஸ் லாக்கரில் வைத்துப் பூட்டினேன்.

ஜூன் 20, வியாழன்

லாக்கரில் இப்போது கரடி, இரண்டு கம்பளித் தொப்பி, ஒரு மெத்தை, சரக்குப் பிரிவு அண்ணன் கொடுத்த கொசுவலை. மூடவில்லை. முழங்காலால் அழுத்தி மூடும்போது கரடி மேல் அழுத்தம் பட்டு, ஓய்வறை முழுக்க மழை பெய்தது.

ஜூன் 23, ஞாயிறு

வீட்டில் குழந்தைச் சாமான் எடை: பூஜ்யம்.

ஜூன் 26, புதன்

ஸ்கேன். நாடித்துடிப்பு, நீர், வளர்ச்சி எல்லாம் நன்றாக இருக்கிறது. “இந்தத் தடவை கவலையே இல்லை” என்றார் டாக்டர். இந்தத் தடவை என்பதை அடித்துவிட்டேன், அடித்தும் தெரிகிறது. வரும் வழியில் சுகந்தி கரும்புச்சாறு கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். நான் குடிக்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டியலை எடுத்துவைத்து டிக் போட்டேன். பிரசவத்துக்கு எடுத்துவர வேண்டியவை. பைல், பிளாஸ்க், நைட்டி நான்கு. கடைசி வரி, குழந்தையைச் சுற்ற நைந்த பழைய பருத்தித் துணி பத்து. அதற்கு உடனே டிக். எந்த வீட்டிலும் இருக்கிற ஒரே சாமான் அதுதான். முன்கூட்டிப் பையில் திணித்து எடையை ஏற்றுவானேன்? கிளம்பும்போது அலமாரியிலிருந்து உருவிக்கொண்டால் போயிற்று.

ஜூலை 7, ஞாயிறு

வளைகாப்பு. தெருவே கேட்கும்படி ஒரு சண்டை.

அக்கா தஞ்சாவூரிலிருந்து காரில் வந்தாள். டிக்கியிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டே இருந்தது. நான் படிக்கட்டில் தராசோடு நின்றேன். வாக்கரைக் கொக்கியில் மாட்டினேன், நாலரை கிலோ. ஸ்ட்ரோலரை மாட்டியதும் தராசு முள் கடைசிவரை போய் நின்றுவிட்டது. அத்தை வாசலில் இரண்டு கையையும் விரித்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “வெண்ணிலா, கோவிச்சுக்காதம்மா, பொறந்தப்புறம் தாராளமா கொண்டா” என்றார். கீழ்வீட்டில் குடியிருக்கிற மூன்று கல்லூரிப் பையன்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

“உனக்கு என்னதான்டா பிரச்சனை?” என்றாள் அக்கா. “ஊர் உலகத்துல யாரும் பிள்ளைக்கு வாங்கறதில்லையா? போன தடவை நீயேதானே மொத ஆளா ஓடிப்போய்…”

அங்கே நிறுத்திவிட்டாள். பிறகு அவளே வாக்கரைக் கொக்கியிலிருந்து கழற்றி, காருக்குத் திரும்பக் கொண்டுபோனாள். திரும்பி வந்து என் கையில் ஒரு தட்டு புளிசாதம் கொடுத்து, “சாப்பிடு, காலையிலேர்ந்து நிக்கற” என்றாள்.

சுகந்திக்கு இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். அவள் நடந்தாலே வீடு முழுக்கச் சத்தம். நன்றாக இருக்கிறது. டைரியின் இந்தப் பக்கத்தில் எழுத இன்னும் பாதி இடம் இருக்கிறது, ஆனாலும் இன்றைக்கு இது போதும்.

ஜூலை 11, வியாழன்

அருமையான நாள். அத்தை கோயிலுக்கு, சுகந்தி விடுப்புக் கடிதம் கொடுக்கப் பள்ளிக்கு. தெருவில் பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மாள் கூவிக்கொண்டு போனார். குழந்தைக்கு மட்டும்தானா குறைப்பு, வீட்டையே குறைப்போம் என்று அலமாரியைத் திறந்தேன். நைந்த வேட்டி எட்டு, சாயம் போன நூல்புடவை ஆறு, தலையணை உறை, கிழிந்த துண்டு, ஒன்று விடாமல் கொடுத்தேன். மொத்தம் ஒன்பது கிலோ வெளியே போயிற்று. பதிலுக்கு ஓர் எவர்சில்வர் அன்னக்கூடை வந்தது, அரை கிலோ. நிகர லாபம் எட்டரை.

அலமாரி பளிச்சென்று இருக்கிறது. சாயங்காலம் சுகந்தி அதைத் திறந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். “எல்லாத்தையுமா குடுத்துட்டீங்க?” என்றாள். “எல்லாத்தையும்” என்றேன் பெருமையாக.

ஜூலை 19, வெள்ளி

மிக்ஸி புகைந்துவிட்டது. தேங்காய்ச் சட்னி பாதியில் நின்றது.

“மேல பரண்ல ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே மாப்பிள்ளை, அதை இறக்குங்க” என்றார் அத்தை.

“அது ஓடாது அத்தை.”

“ரிப்பேர் பண்ணிக்கலாம்.”

“பண்ண முடியாத ரிப்பேர்.”

அத்தை சட்னி ஜாரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “கல்யாணத்துக்கு நான் வாங்கிக் குடுத்த மிக்ஸி இதுதானே, இப்ப புகைஞ்சது. அஞ்சு வருஷமா இதுதானே ஓடுச்சு? அப்ப மேல இருக்கறது யாரோடது?”

“ஆபீஸ்ல ஒருத்தரோடது. வச்சிருக்கச் சொன்னார்.”

“ஓடாத மிக்ஸியையா?”

சுகந்தி சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு போய் அரை மணி நேரத்தில் புது மிக்ஸி வாங்கி வந்துவிட்டேன். ஐந்து கிலோ எண்ணூறு. குழந்தைச் சாமானில் சேராது என்றாலும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

மொட்டை மாடியில் சின்னச் சின்ன சதுரத் துணிகள் வரிசையாகக் காய்கின்றன. கீழ்வீட்டுப் பையன்களுடையதாக இருக்கும். எதற்கு இத்தனை என்று தெரியவில்லை. கல்லூரியில் ஏதாவது புராஜெக்ட் செய்கிறார்களோ என்னவோ.

ஜூலை 24, புதன்

பரணில் இருக்கிற பெட்டியின் டேப் வெள்ளையாக இருந்ததாக ஞாபகம், எங்கள் ஆபீஸ் டேப். இன்று அண்ணாந்து பார்த்தேன், பழுப்பாக இருக்கிறது. வெக்கையில் நிறம் மாறுமா என்று ஜெரால்டிடம் கேட்டேன். மாறும் என்றான். அவனுக்கு எல்லாமே மாறும்.

ஜூலை 28, ஞாயிறு

குக்கருக்கு கேஸ்கட் வாங்கப் போனேன். ஊரெல்லாம் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, கடையின் மூன்றாவது மாடியில் குழந்தைகள் பகுதியில் நிற்கிறேன். கையில் ஒரு ஜோடி காலுறை. என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும்.

“எத்தனை மாசம் சார் குழந்தைக்கு?” என்று விற்பனைப் பெண் கேட்டாள்.

“இன்னும் பொறக்கல.”

“அப்ப நியூபார்ன் சைஸ் காட்டறேன் சார்” என்று அடுத்த பெட்டியை எடுக்கப் போனாள். நான் காலுறையைச் சூடான தோசைக்கல்லைப் போட்டதுபோல் போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். கேஸ்கட் வாங்கவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். என் டைரியில் நானே பொய் சொல்வது கேவலமாக இருக்கிறது. பரணில் இருப்பது மிக்ஸி இல்லை.

இரண்டு வருடம் முன்பு இதே ஆடி, இதே கடை. சுகந்திக்கு அப்போது ஐந்து மாதம். நான் இதே மூன்றாவது மாடியில் கூடை நிறைய அள்ளினேன். மஞ்சள் காலுறை, தொட்டிலுக்கு மேல் தொங்கவிடுகிற மரக்கிளிகள், கடுகுத் தலையணை, இன்னும் என்னென்னவோ. அத்தை போனில், “முன்கூட்டி வாங்காதீங்க மாப்பிள்ளை” என்றார். நான் சிரித்தேன். சிரித்ததோடு விடாமல் கால் மணி நேரம் அவருக்குப் பகுத்தறிவு வகுப்பு எடுத்தேன். ஒன்பதாவது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு, “அப்பவே சொன்னேனே, வாங்காதீங்கன்னு” என்றார். ஒரே ஒரு முறைதான். அதற்குப் பிறகு சொன்னதே இல்லை.

யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் படம் வரைந்து விளக்கினார். எனக்குப் புரிந்தது. நான் படித்தவன். வீட்டுக்கு வந்து குழந்தைக்கென்று இருந்ததையெல்லாம், எது என்ன என்று பார்க்காமல், ஒரு பெட்டியில் வாரிப்போட்டு, ஒரு முழு டேப்பையும் சுற்றி மேலே ஏற்றினேன். சுகந்தி கேட்டபோது மிக்ஸி என்றேன். அவளும் சரி என்றாள்.

ஏழு கிலோவும் இல்லை, இடநெருக்கடியும் இல்லை. எனக்குப் பயம். கையில் ஒரு காலுறை வந்தால் அந்த வராந்தாவே திரும்ப வந்துவிடும் என்று பயம். அப்பா இருந்திருந்தால் காறித் துப்பியிருப்பார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆஸ்பத்திரிப் பை தயார். ஆறு கிலோ எண்ணூறு. அதில் குழந்தையின் பங்கு பூஜ்யம்.

சுகந்தி பட்டியலை வாங்கிப் பார்த்தாள். “பழைய துணிக்கு டிக் போட்டிருக்கீங்க?”

“வீட்டுல இருக்குமே” என்றேன்.

“இருக்கும், இருக்கும்” என்றாள், பரணைப் பார்த்துக்கொண்டு. பல்லி ஏதாவது இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 10, சனி

அக்கா போன் செய்தாள். ஸ்ட்ரோலரைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாளாம். “நான் எதுவும் பேசல. சும்மா சொன்னேன்” என்றாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரி. பத்து மணிக்கு சுகந்தியை உள்ளே அழைத்துப்போனார்கள். ஒரு மூத்த நர்ஸ் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“பழைய துணி எங்க சார்?”

“லிஸ்ட்ல டிக் போட்டிருக்கே சிஸ்டர்.”

“பிள்ளையை டிக்குலயா சுத்திக் குடுக்கறது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு வேட்டி, ஆறு நூல்புடவை, எல்லாம் எங்கள் வீட்டு அடுக்களையில் ஓர் அன்னக்கூடையாக உட்கார்ந்திருக்கிறது. குறைத்துக் குறைத்து, பிறக்கிற பிள்ளைக்கு நிஜமாகவே தேவையான ஒரே சாமானை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறேன்.

“புதுசா துண்டு வாங்கிட்டு வந்துடறேன் சிஸ்டர்.”

“புதுசு சொரசொரன்னு கஞ்சியோட இருக்கும். பச்சைத் தோலு தாங்குமா? துவைச்சுத் துவைச்சு நைஞ்சதா வேணும். சீக்கிரம் கொண்டாங்க.”

அத்தை தன் முந்தானையைப் பிடித்துப் பார்த்தார். பாலியஸ்டர். அக்காவுக்குப் போன் செய்தேன், தஞ்சாவூரிலிருந்து மத்தியானம்தான் கிளம்ப முடியுமாம். கதவு இடுக்கில் சுகந்தியின் முகம் தெரிந்தது. வலி ஒன்று வந்து போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

“ஏங்க, வீட்டுக்குப் போய் அந்த மிக்ஸியை எடுத்துட்டு வாங்க.”

“எந்த மிக்ஸி?”

“பரண்ல இருக்கற மிக்ஸி. அதுல எங்கப்பா வேட்டியைக் கிழிச்சு ஓரம் தைச்சு வச்ச துணி பதினெட்டு இருக்கு. அப்ப நான் தைச்சது. நீங்க பாக்காம வாரிப் போட்டு ஒட்டிட்டீங்க.”

“சுகந்தி, அது வந்து…”

“தெரியும். ரெண்டு வருஷமாத் தெரியும். போன மாசம் அம்மா அதை இறக்கினாங்க, துணியை மட்டும் துவைச்சுக் காயவச்சு திருப்பி உள்ள வச்சோம். நீங்களா இறக்குவீங்கன்னு பாத்துட்டே இருக்கேன். போங்க, அடுத்த வலி வர்றதுக்குள்ள போங்க.”

ஆட்டோ பிடித்து வந்தேன். ஸ்டூல் போட்டுப் பெட்டியை இறக்கினேன். வீட்டில் யாரும் இல்லை. கையில் கத்தி இருந்தது. வெட்டவில்லை. வெட்ட முடியவில்லை. குழந்தை இன்னும் பிறக்கவில்லை, இதை இப்போது திறந்து, மறுபடியும் அந்த வராந்தா என்றால்? அப்படியே தூக்கி ஸ்கூட்டரின் கால்பலகையில் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தார். “என்ன சார் பெட்டியில?”

“மிக்ஸி” என்றேன். இரண்டு வருடப் பழக்கம், வாயில் அதுதான் வந்தது.

“பிரசவ வார்டுக்கு மிக்ஸி எதுக்கு சார்?”

பதில் சொல்ல நிற்கவில்லை. மாடி ஏறினேன். அதே வராந்தா, அதே பச்சை நாற்காலிகள். அத்தை எழுந்து வந்தார்.

“திறங்க மாப்பிள்ளை.”

“பொறந்தப்புறம் திறக்கலாம் அத்தை. ஒரு நிமிஷம் முன்ன பின்ன என்ன ஆயிடப் போகுது?”

அத்தை பெட்டியை என் கையிலிருந்து வாங்கி நாற்காலியில் வைத்தார்.

“அன்னிக்கு என் வாயி சும்மா இருந்திருக்கலாம்” என்றார். “பொண்ணு கிடந்த கிடப்பைப் பார்த்து ஏதோ உளறிட்டேன். உங்க மூஞ்சி அன்னிக்கே செத்துப்போச்சு. சொன்னதைத் திருப்பி எப்படி எடுக்கறதுன்னு தெரியாம ரெண்டு வருஷமா முழுங்கிட்டு இருக்கேன். நீங்க வாங்கினதால ஒண்ணும் ஆகல மாப்பிள்ளை. அப்படி ஆகும்னா, பிள்ளைச் சாமான் விக்கறவன் வீட்டுல ஒரு பிள்ளையாவது தங்குமா?”

“ஆனா இந்தத் தடவையும் ஊக்குகூட வாங்கக் கூடாதுன்னீங்களே அத்தை.”

“நீங்க பயந்து போய்க் கிடந்தீங்க. தனியாப் பயப்பட வேணாமேன்னு நானும் கூட நின்னேன்.”

அத்தை இடுப்பிலிருந்து புதுக்கோட்டை வீட்டுச் சாவியை எடுத்து, டேப்பின் நடுவில் வைத்து ஒரே இழு. பெட்டி திறந்துகொண்டது. மேலே வசம்புத் துண்டு கட்டிய ஒரு வெள்ளை மூட்டை. மாமாவின் வேட்டி, சதுரம் சதுரமாக, ஓரம் தைத்து, கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. அத்தை அதை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ள ஒரு துணி எடுத்து வைத்திருக்கலாம்.

மத்தியானம் ஒன்று நாற்பதுக்குப் பெண் பிறந்தாள். சத்தம் வராந்தாவுக்கே கேட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். எடை பார்க்கத் தராசில் வைக்கப்போனபோது, “சிஸ்டர், ஜீரோ காட்டுதான்னு பாத்தீங்களா? துணி எடையைக் கழிக்கணும்” என்று சொல்லிவிட்டேன். நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார். இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது, துணி நீங்கலாக. கதவு வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மூன்று மணிக்கு அக்கா வந்து சேர்ந்தாள், ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு. ஒரு பக்கம் பூ, பழம், ஹார்லிக்ஸ். இன்னொரு பக்கம் காலியாக விட்டிருந்தாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். எழுத நேரமில்லை. பதினெட்டுத் துணியும் ஈரம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கதவுக்குப் பின்னால் தராசு இன்னும் தொங்குகிறது. இன்று காலை ஆர்வத்தில் குழந்தைச் சாமானை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி மாட்டிப் பார்த்தேன். துணிகள், லாக்கரிலிருந்து வந்த மெத்தை, கொசுவலை, தூளி கட்டுகிற புடவை, எண்ணெய்க் கிண்ணம். நாலு கிலோ முந்நூறு. விதி செல்லுபடியாகிறது. சுகந்தியிடம் சொன்னேன். “டீச்சர்கிட்ட மார்க் கேக்கறீங்களா?” என்றாள்.

தூளிக் கொக்கியில் முதலில் பத்து கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் ஆட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் குழந்தையைப் போட விட்டேன். அத்தை அரிசி மூட்டைக்குத் தாலாட்டுப் பாடினார்.

மழைக் கரடியை ஒரு முறை அமுக்கிக் காட்டினோம். குழந்தை அலறிவிட்டது. கரடி லாக்கருக்கே திரும்பிவிட்டது. ஸ்ட்ரோலரை மாடிப்படியின் கீழே வைத்திருக்கிறோம், கீழ்வீட்டுப் பையன்கள் இரண்டு தண்ணீர் கேனை இரண்டு பக்கமும் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஈரத்தாளைச் சூடாக்கும் பெட்டியை அக்காவே திரும்ப எடுத்துப் போய்விட்டாள். “வச்சுப் பாத்தேன்டா, திருச்சியில அதுல போட்டா தாள் ஆறுது” என்றாள்.

சாயங்காலம் சுகந்தி அந்தப் பெட்டியை இழுத்து வந்து என் முன்னால் வைத்தாள். உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். மரக்கிளிகளில் ஒன்றின் மூக்கு உடைந்திருந்தது, பசை போட்டு ஒட்டித் தூளிக்கு மேலே கட்டினேன். கடுகுத் தலையணையை அத்தை வெயிலில் வைத்தார். அடியில் மஞ்சள் காலுறை. போட்டுப் பார்த்தோம். நிற்கவில்லை, இரண்டு காலிலிருந்தும் கழன்று விழுந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், ஆறு மாதக் குழந்தைக்கானது. அன்றைக்கு அவசரத்தில் அளவுகூடப் பார்க்காமல் வாங்கியிருக்கிறேன்.

“எடுத்து வைங்க, தை மாசத்துல சரியா இருக்கும்” என்றாள் சுகந்தி.

பெட்டியை மடித்துப் பழைய பேப்பரோடு போட்டேன். காலுறையைப் பரணில் வைக்கவில்லை. அலமாரியில், வேட்டிகள் இருந்த தட்டில், கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்திருக்கிறேன்.